வாசித்துக் காட்டப்பட்டது

1950ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20ஆந் திகதி, லண்டன் மாநகரிலே, குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்று ஒரு தொழிலாளியின் மேன்முறையீட்டை விசாரித்துத் தள்ளுபடி செய்தது. தொழிலாளியின் பெயர் திமோதி எவன்ஸ். வயது இருபத்தைந்து. தொழில் வான் ஓட்டுதல். பதின்மூன்று மாதக் குழந்தையாகிய தன் மகளைக் கழுத்தை நெரித்துக் கொன்றான் என்பது அவன்மீது தீர்க்கப்பட்ட குற்றம். தன் மனைவியையும் அவ்வாறே கொன்றான் என்பது அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட இரண்டாவது குற்றம். மேன்முறையீடு தள்ளுபடியான பதினேழாம் நாள், மார்ச் 9ஆந் திகதி, பென்ரன்வில் சிறையிலே அவனைத் தூக்கிலிட்டார்கள். அவன் தானாகப் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று வாய் திறந்த நாளிலிருந்து கணக்கிட்டால் நூறு நாட்கூட நிரம்பவில்லை.

நான் சட்டம் படித்தவனல்லன். முப்பதாண்டு காலம் பாடசாலைகளிலே தமிழும் சரித்திரமும் கற்பித்தவன். ஆயினும் இவ்வழக்கு நெடுநாளாக என்னை விட்டு நீங்காதிருக்கிறது. லுடோவிக் கெனடி என்னும் ஆங்கில எழுத்தாளர் 1961இல் இதுபற்றி எழுதிய நூலை நண்பர் ஒருவர் இரவல் தந்தார். கொலைக் கதை படிக்கும் ஆவலோடுதான் அதைக் கையில் எடுத்தேன். படித்து முடித்தபோது அது எழுத்தறியாத ஒரு மனிதனின் கதையாக என் முன் நின்றது. எழுத்தறிவித்தலைத் தொழிலாகக் கொண்ட ஒருவனால் அதை இலகுவில் கடந்து போக முடியவில்லை.

எவன்ஸ் பிறந்தது 1924இல், வேல்ஸ் நாட்டின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஒன்றான மேர்தர் வேலில். அவன் பிறக்கு முன்னரே தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டான். சிறு வயதிலே காலில் உண்டான புண் ஒன்று ஆறாமல் காசநோயாகி, ஆண்டுக்கணக்கில் அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலிலே கிடத்தியது. மற்றப் பிள்ளைகள் எழுத்துப் படித்த காலத்தை அவன் அங்கே கழித்தான். வளர்ந்து ஆளானபின் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் வாசிக்கவோ எழுதவோ ஏறக்குறையத் தெரியாது. அத்தகையோர் பலரைப் போலவே அவனும் தன் குறையை மறைக்கப் பெரிய கதைகள் சொல்லுவான். குடிப்பான், மனைவியோடு உரத்துச் சண்டையிடுவான், பொய்யும் சொல்லுவான். அவனைப் புனிதனாக்கும் எண்ணம் எனக்கில்லை. 'அவன்' என்று நான் எழுதுவதும் அவமதிப்பாலன்று. நீதியரசர்களை 'அவர்' என்றும் எதிரிக் கூண்டில் நிற்பவனை 'அவன்' என்றும் எழுதுவது நம் பத்திரிகை வழக்கு. அந்த வழக்கு எனக்கு உவப்பானதன்று. எங்கள் வீட்டுத் தம்பியை அழைப்பதுபோல் அழைக்கிறேன் என்று வாசகர் கொள்க.

அவன் 1947இல் பெரில் என்ற பெண்ணை மணந்தான். அப்போது அவளுக்கு வயது பதினெட்டு. மறு ஆண்டு நொட்டிங் ஹில் பகுதியில், றிலிங்டன் பிளேஸ் என்ற குறுந்தெருவின் பத்தாம் இலக்க வீட்டு மேல்மாடியில் குடியேறினர். முட்டுச் சந்தின் கடைசி வீடு அது. மேலே எவன்ஸ் குடும்பம். நடுத்தட்டில் பார்வை மங்கிய ஒரு முதியவர். கீழ்த்தட்டில் ஜோன் கிறிஸ்டி என்பவரும் அவர் மனைவியும். மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்து வீட்டின் பின்புறத்தில் ஒரே மலகூடம், உடுப்புத் தோய்க்கும் ஒரு சிற்றறை. தளபாடம் தவணைப் பணத்துக்கு வாங்கியது. 1948 ஒக்டோபரில் ஜெரால்டின் என்ற பெண்குழந்தை பிறந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் பெரில் மீண்டும் கர்ப்பமானாள்.

இந்த இடத்திலே சற்று நிற்க வேண்டும். இவ்வழக்கைப் பற்றி எழுதுவோர் பலரும் இதை வேகமாகக் கடந்து இரத்தமும் கயிறும் இருக்கும் இடத்துக்கு ஓடிவிடுகிறார்கள். இருபது வயதுப் பெண்; கைக்குழந்தை ஒன்று; வாரக் கூலி வாரத்துக்கே போதவில்லை; அடுத்த குழந்தையைத் தாங்க அந்த இரண்டு அறையும் இடந்தரா. கருவைக் கலைக்க அவள் விரும்பினாள். அன்றைய இங்கிலாந்தில் அது குற்றம். பணமுள்ள வீட்டுப் பெண்ணுக்குத் தனியார் வைத்தியர் வழி தேடிக் கொடுப்பார். பெரிலுக்குக் கிடைத்த வைத்தியர் கீழ்வீட்டுக் கிறிஸ்டி. தனக்கு வைத்தியம் தெரியும் என்று அவர் சொன்னார். எவன்ஸ் நம்பத் தயங்கியபோது முதலுதவிக் கைநூல் போன்றதொரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தனக்கு வாசிக்கத் தெரியாததால் அதிலிருந்தது எதுவும் விளங்கவில்லை என்று எவன்ஸே தன் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறான். அச்சிட்ட தாளுக்கு முன்னால் அவன் வாயடைத்து நின்ற முதற் சந்தர்ப்பம் அது. பிரிட்டனில் கருக்கலைப்புச் சட்டம் 1967இல் திருந்தியது. நமது தண்டனைச் சட்டக் கோவையோ தாயின் உயிரைக் காக்கும் தேவை தவிர்ந்த எந்தக் கருக்கலைப்பையும் 1883இலிருந்து குற்றமாகவே வைத்திருக்கிறது.

1949 நவம்பர் 8ஆந் திகதி பெரில் இறந்தாள். எவன்ஸ் தளபாடங்களை விற்றுவிட்டு மேர்தர் வேலுக்குப் போய் உறவினர் வீட்டில் தங்கினான். 30ஆந் திகதி மேர்தர் ரிட்வில் பொலிஸ் நிலையத்துக்குத் தானே சென்று, மனைவியை அகற்றிவிட்டதாகவும் உடலைக் கழிவுநீர்க் குழியில் போட்டதாகவும் சொன்னான். கருவைக் கலைக்க யாரோ தந்த மருந்தைக் குடித்து அவள் இறந்தாள் என்பது அவனது முதற் கதை. லண்டன் பொலிஸார் சென்று குழியின் இரும்பு மூடியைத் தூக்கினர். அதைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. உள்ளே உடல் இல்லை. இதைச் சொன்னதும் எவன்ஸ் கதையை மாற்றினான். கிறிஸ்டியே கருக்கலைக்க முயன்றார். அதில் அவள் இறந்தாள். உடலைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும், குழந்தையை வளர்க்க ஒரு தம்பதியரிடம் கொடுப்பதாகவும் அவர் சொன்னார் என்றான். முதற் பொய் கிறிஸ்டியைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

டிசம்பர் 2ஆந் திகதி அச்சிற்றறையிலே தாயும் குழந்தையும் கண்டெடுக்கப்பட்டனர். இருவரும் கழுத்து நெரிக்கப்பட்டிருந்தனர். குழந்தையின் கழுத்தில் ஆண்கள் அணியும் கழுத்துப்பட்டி ஒன்று இறுகியிருந்தது. அன்றிரவே எவன்ஸை லண்டனுக்குக் கொணர்ந்து, நொட்டிங் ஹில் பொலிஸ் நிலையத்திலே மனைவியின் உடுப்பையும் குழந்தையின் உடுப்பையும் அந்தப் பட்டியையும் அவன் முன் வைத்தார்கள். குழந்தை இறந்தது தனக்கு அப்போதுதான் தெரியும் என்று அவன் பின்னர் சொன்னான். இருவரின் மரணத்துக்கும் நீயே காரணம் என்று நம்புகிறோம் என்றார் அதிகாரி. 'ஆம்' என்றான். அதன்பின் வாக்குமூலம் எழுதப்பட்டது: முதலில் ஒரு குறிப்பு, பின்னர் நீண்டதொன்று. மனைவி கடன்மேற் கடன் வைத்ததால் பொறுக்க முடியாமல் கயிற்றால் நெரித்தேன். இரண்டு நாள் கழித்துக் குழந்தையையும் நெரித்தேன் என்பது அதன் சாரம். எழுதியவர்கள் பொலிஸ் அதிகாரிகள். அவன் செய்தது கையொப்பமிட்டது மாத்திரம்.

'எதிரிக்கு வாசித்துக் காட்டப்பட்டது.' இத்தகைய வாக்குமூலங்களின் கீழே வழமையாக வரும் வாசகம் இது. அந்த மூன்று சொற்களின் மேலேதான் பின்னர் வந்த நீதி முழுவதும் கட்டி எழுப்பப்பட்டது.

வாசித்துக் காட்டுதல் என்பது நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். எழுத்தறியாத தொழிலாளர் உலகச் செய்தியும் அரசியலும் அறிந்த பல்கலைக்கழகம் அது. 'அந்த இடத்தைத் திருப்பி வாசி' என்று ஒருவர் நிறுத்துவார். 'அது பொய்' என்று இன்னொருவர் மறிப்பார். கேட்பவனுக்கு அங்கே அதிகாரம் இருந்தது. எங்கள் கிராமத்து வாசிகசாலையிலே நாங்கள் சில இளைஞர்கள் ஒருகால் முதியோருக்கு இராப்பாடசாலை நடத்தினோம். அங்கே வந்தவர்களில் ஒருவர் அறுபது வயது கடந்த தோட்டக்காரர். இந்த வயதில் ஏன் ஐயா என்று யாரோ பகிடியாகக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது. 'ஈடு எண்டு சொல்லி வாசிச்சவை, தம்பி. கைநாட்டு வைச்சன். பிறகு பாத்தா அறுதி உறுதி.' காணி போய்விட்டது. அந்த உறுதியின் அடியிலும் நொத்தாரிசின் சான்று இருந்திருக்கும்: வாசித்துக் காட்டி விளங்கப்படுத்தப்பட்டது என்று. அவர் மூன்று மாதம் படித்தார். தன் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் எழுதப் பழகியதும் போதும் என்று நின்றுவிட்டார். பெயர் எழுதத் தெரிவது கைநாட்டைவிட ஆபத்தானது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அப்போது எவன்ஸின் கதை தெரியாது. கைநாட்டு வைத்தவன் எழுதத் தெரியாதவன் என்பதையாவது அந்தத் தாளே காட்டிக் கொடுக்கும். கையொப்பமோ அதைக் காட்டுவதில்லை. அறிந்து இட்டான் என்றே உலகம் கொள்ளும்.

கெனடி தம் நூலிலே அந்த வாக்குமூலத்தைச் சொல் சொல்லாக ஆராய்கிறார். கடன்படுதலுக்கு அதில் வரும் ஆங்கிலச் சொல் கந்தோர் எழுதுவினைஞரின் சொல். வேல்ஸ் நாட்டு வான் ஓட்டுநரின் வாயில் வரும் சொல்லன்று. அதிலே சொல்லப்பட்ட முக்கிய விவரங்களும், கயிறு, கழுத்துப்பட்டி, சிற்றறை யாவும், பொலிஸார் அன்று ஏற்கெனவே அறிந்திருந்தவை. மொழியாசிரியராயிருந்தவர் எவரும் இவ்வாராய்ச்சியை எளிதில் விளங்கிக்கொள்வர். மாணவன் கொண்டுவரும் கட்டுரையில் எந்த வரி தகப்பன் எழுதிக் கொடுத்தது என்பது நமக்குத் தெரியாதா? ஆனால் நீதிமன்றிலே அக்கண்ணோடு அந்தத் தாளைப் பார்த்தவர் எவருமில்லை.

வழக்கு 1950 ஜனவரி 11ஆந் திகதி ஓல்ட் பெய்லியில் தொடங்கி 13ஆந் திகதி முடிந்தது. அக்கால வழமைப்படி ஒரு கொலைக்கே விசாரணை. அரச தரப்பு குழந்தையின் கொலையைத் தேர்ந்தது; கோபமூட்டப்பட்டேன் என்று சொல்ல அதில் இடமில்லை. அரச தரப்பை நடத்தியவர் கிறிஸ்மஸ் ஹம்ப்றீஸ். இவர் இங்கிலாந்தில் பௌத்தத்தைப் பரப்பிய முன்னோடி. 1924இல் லண்டனிலே பௌத்த சங்கம் நிறுவியவர். கொல்லாமையை முதற் சீலமாகக் கொண்ட சமயத்தவர், தூக்குக் கயிற்றிலே முடியும் வழக்கை நடத்தினார். அதில் அவர் முறைகேடு செய்தார் என்று சொல்வதற்கில்லை. அவர் தம் தொழிலைச் செய்தார்.

அரசின் முதன்மைச் சாட்சி கிறிஸ்டி. எவன்ஸ் தன் குற்ற ஒப்புதலைக் கைவிட்டு, கொன்றவர் கிறிஸ்டியே என்று சாட்சிக் கூண்டில் நின்று சொன்னான். ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்டதற்கு, மனம் உடைந்திருந்தேன், பொலிஸார் அடிப்பார்கள் என்றும் பயந்தேன் என்றான். அவனுடைய சட்டத்தரணி மல்கம் மொறிஸ் கிறிஸ்டியை நேரே பார்த்து நீரே கொலைகாரர் என்றார். கிறிஸ்டி அமைதியாக மறுத்தார். முதலாம் உலக யுத்தத்தில் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டவர். இரண்டாம் யுத்த காலத்தில் துணைப் பொலிஸ்காரராகக் கடமை புரிந்தவர். மெல்லிய குரலில் அளந்து பேசுபவர். திருட்டுக்கும், பெண்ணொருத்தியைத் தாக்கியதற்கும் சிறை சென்றவர் என்பதும் வெளிவந்தது. ஆனால் அது பழைய கதையாயிற்று. அச்சிற்றறைக்குள் அந்த நாட்களிலே போய்வந்த கட்டிட வேலையாட்கள் உடல் எதையும் காணவில்லை என்று பொலிஸாரிடம் சொல்லியிருந்தனர். அவர்கள் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கப்படவில்லை. யூரிமார் நாற்பது நிமிடத்தில் முடிவு சொன்னார்கள்.

இனி மேன்முறையீடு. இங்கிலாந்திலே குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்று தானாக வந்ததன்று. அடோல்ப் பெக் என்பவர் வேறொருவனின் மோசடிகளுக்காக 1896இலும் மீண்டும் 1904இலும் குற்றவாளியாக்கப்பட்ட அவமானத்தின் பின்னரே, நீதியரசர்கள் பலரின் எதிர்ப்பையும் தாண்டி, 1907இல் பாராளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. அதைப் பின்பற்றி நம் நாட்டிலே 1938இல் அத்தகைய நீதிமன்று நிறுவப்பட்டது. புதிய சாட்சியத்தைக் கேட்கும் அதிகாரம் 1907ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் நீதியரசர்கள் அதை அபூர்வமாகவே பயன்படுத்தினர். யூரிமார் கண்டு கேட்டுத் தீர்த்ததை நாம் கடுதாசியைப் பார்த்துக் கலைக்கலாமா என்பது அவர்கள் எண்ணம். ஆகவே அங்கே விசாரிக்கப்படுவது மனிதனன்று, முதல் விசாரணை. சாட்சியம் ஏற்ற முறையில் ஏற்கப்பட்டதா, நீதிபதி யூரிமாருக்குச் சரியாக எடுத்துரைத்தாரா, இவையே கேள்விகள்.

பிரதம நீதியரசர் கொடார்ட் பிரபுவின் தலைமையிலான ஆயத்தின் முன் எவன்ஸின் சார்பில் வைக்கப்பட்ட முக்கிய வாதம் இதுவே: குழந்தையின் கொலையை விசாரிக்கும் வழக்கிலே மனைவியின் கொலை பற்றிய சாட்சியத்தை ஏற்றது தவறு. நீதிமன்று மறுத்தது. இரண்டு கொலையையும் ஒரே வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறான்; இரண்டும் ஒரே நிகழ்ச்சித் தொடர்; சாட்சியம் ஏற்கத்தக்கதே. சட்ட நுணுக்கத்தில் அத்தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தத் தாளை எழுதிய கை எது, அதிலுள்ள சொற்கள் யாருடையவை, அதைக் கேட்டவனுக்கு எவ்வளவு விளங்கியது என்ற கேள்விக்கு அந்த அறையிலே இடமிருக்கவில்லை. கீழ் நீதிமன்றிலே தாள் மனிதனுக்கெதிராகச் சாட்சி சொன்னது. மேல் நீதிமன்றிலே தாளுக்குத் தாளே சாட்சியாயிற்று.

உள்நாட்டு மந்திரியாயிருந்தவர் சூட்டர் ஈட், தொழிற் கட்சிக்காரர், ஆசிரியத் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்தவர். 1948இலே சிட்னி சில்வர்மன் போன்ற இடதுசாரி உறுப்பினர்களின் முயற்சியால் பொதுச்சபை தூக்குத்தண்டனையை ஐந்தாண்டுக்கு நிறுத்திவைக்க வாக்களித்தது. பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது. ஈட் அந்நாளில் நிறுத்துவதற்கு எதிரானவராயிருந்தார். எவன்ஸின் கோவை அவர் மேசைக்கு வந்தபோது, சட்டம் தன் வழியே செல்லட்டும் என்று எழுதினார்.

மூன்றாண்டு கழிந்தது. 1953 மார்ச் 24ஆந் திகதி, அந்த வீட்டிற் குடியிருந்த மேற்கிந்தியத் தொழிலாளி ஒருவர், வானொலிப் பெட்டியை வைக்கக் கீழ்த்தட்டுச் சமையலறைச் சுவரில் இடம் பார்த்தார். கிறிஸ்டி வெளியேறிச் சில நாட்களே ஆகியிருந்தன. சுவர்த்தாளைக் கிழித்தபோது உள்ளே பெண்ணொருத்தியின் முதுகு தெரிந்தது. அந்தப் பொந்தில் மூன்று பெண்களின் உடல்கள். முன்னறைப் பலகையின் கீழே கிறிஸ்டியின் மனைவி. தோட்டத்திலே யுத்த காலத்தில் புதைக்கப்பட்ட இரண்டு பெண்களின் எலும்புகள். அவர்களில் ஒருத்தியின் தொடையெலும்பு வேலிக்கு முட்டாகத் தோட்டத்தில் நின்றது. 1949இல் தோட்டத்தைப் பார்வையிட்ட பொலிஸார் கண்ணில் அது படவில்லை. அவர்கள் தேடியது எவன்ஸுக்கெதிரான சான்று. கிறிஸ்டி அவர்களில் ஒருவராயிருந்தவர்.

கிறிஸ்டி பெரிலையும் தாமே கொன்றதாக ஒப்புக்கொண்டார். குழந்தையைக் கொன்றதை மாத்திரம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அரசாங்கம் அவசர அவசரமாக ஸ்கொட் ஹெண்டர்சன் என்ற வழக்கறிஞரை நியமித்து இரகசிய விசாரணை ஒன்று நடத்தியது. ஜூலை 6ஆந் திகதி நியமனம். 15ஆந் திகதி கிறிஸ்டியைத் தூக்கிலிடுமுன் அறிக்கை வெளிவந்துவிட்டது. இரு கொலைகளையும் செய்தவன் எவன்ஸே என்பது அதன் முடிவு. இதை நம்புவதானால் நாம் எதை நம்ப வேண்டும்? ஒரே சிறு வீட்டிலே, ஒரே காலத்திலே, ஒருவரையொருவர் அறியாமல், கழுத்து நெரிக்கும் கொலைகாரர் இருவர் வாழ்ந்தனர். அவர்களில் ஒருவன் மற்றவன்மேல் குற்றம் சாட்டினான். சாட்டப்பட்டவன் தற்செயலாக அதே முறையில் பெண்களைக் கொல்பவனாகவே இருந்தான்! தான் தவறியதை ஒப்புவதைவிட இத்தகைய அற்புதத்தை நம்புவது அரசுக்கு எளிதாயிருந்தது.

சூட்டர் ஈட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் 1955இலே பாராளுமன்றத்தில் எழுந்து, அக்கோவையில் எழுதியவன் நானே, அவ்வழக்கிலே தவறு நிகழ்ந்தது என்று பகிரங்கமாகச் சொன்னார். தூக்குத்தண்டனையை ஒழிக்கும் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு மந்திரி இவ்வாறு சொல்வது நம் காலத்திலும் காண்பதற்கரியது. கொடார்ட் பிரபுவோ தூக்குமரத்தின் பக்கமே நின்றார்.

தாயும் சகோதரிகளும் விடவில்லை. கெனடியின் நூல் வந்தபின் கிளர்ச்சி வலுத்தது. 1965இல் எவன்ஸின் எலும்புகளைச் சிறை வளவிலிருந்து தோண்டியெடுத்து லெய்ற்றன்ஸ்ரோனில் உள்ள கத்தோலிக்க மயானத்தில் அடக்கம் செய்தனர். அவ்வாண்டின் இறுதியிலே கொலைக்குத் தூக்குத்தண்டனை ஐந்தாண்டுக்கு நிறுத்தப்பட்டது. 1969இல் அந்நிறுத்தம் நிரந்தரமாயிற்று. நீதியரசர் பிறபின் புதிய விசாரணை நடத்தி 1966இல் ஒரு விசித்திர முடிவு கூறினார்: எவன்ஸ் மனைவியைக் கொன்றிருத்தல் கூடும்; குழந்தையைக் கொன்றிரான். தூக்கிலிட்டதோ குழந்தைக்காக. ஆகவே 1966 ஒக்டோபர் 18ஆந் திகதி இராணியின் மன்னிப்பு வழங்கப்பட்டது.

மன்னிப்பு! குற்றம் செய்யாதவனை, அவன் இறந்து பதினாறாண்டு கழித்து, கொன்றவர்கள் மன்னித்தார்கள். சட்டத்தில் மன்னிப்பு வேறு, தீர்ப்பை ரத்துச் செய்தல் வேறு. மன்னிப்பு தண்டனையை நீக்கும். குற்றத் தீர்ப்பு ஏட்டில் அப்படியே கிடக்கும். அதை அகற்ற மேன்முறையீட்டு நீதிமன்று ஒன்றினாலேயே முடியும்.

ஆங்கில நாட்டுக் கதையை இங்கே ஏன் இவ்வளவு விரித்தெழுத வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். 1895ஆம் ஆண்டின் நமது சான்றுக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவிலே, பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கெதிராக நிரூபிக்கலாகாது என்று சொல்கிறது. நொட்டிங் ஹில்லில் எழுதப்பட்ட தாளை அதே 1950இல் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அரச தரப்பு நீட்டியிருந்தால் நீதிபதி திருப்பிக் கொடுத்திருப்பார். குடியேற்ற நாட்டுப் பொலிஸை ஆட்சியாளரே நம்பாததால் வந்த விதி அது. ஆயினும் ஏழைக்கு அரணாயிருந்தது. 1979இலே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அந்த அரணை உடைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் செய்த ஒப்புதல் சான்றாகும் என்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிரூபிக்கும் பாரத்தையும் எதிரியின் தலையிலேயே வைத்தது. தமிழ் மட்டும் அறிந்த இளைஞர்கள் சிங்களத்தில் தட்டச்சிட்ட தாள்களில் ஒப்பமிட்ட கதைகளை நம் வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அத்தகையதொரு வழக்கிலே, பெருவிரலடையாளமிட்ட தாள் ஒன்றையே சான்றாகக் கொண்டு 1995இல் ஐம்பதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டிலே அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. குற்றத் தீர்ப்பு நின்றது. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதென ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. 2006இல் நம் உயர் நீதிமன்று அதன்மேல் நடவடிக்கை எடுக்க மறுத்தது.

திரும்பவும் லண்டன். கொடார்ட் பிரபு விசாரித்து, ஹம்ப்றீஸ் அரச தரப்பை நடத்திய இன்னொரு வழக்கிலே டெரக் பென்ற்லி என்ற பத்தொன்பது வயது இளைஞன் 1953 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டான். அவனுக்கும் வாசிக்கத் தெரியாது. அங்கும் பொலிஸார் எழுதிய வாக்குமூலம் இருந்தது. தவறான தீர்ப்புக்களை மேன்முறையீட்டுக்கு அனுப்புவதற்கென்று 1997இல் இயங்கத் தொடங்கிய மீளாய்வு ஆணைக்குழு அவனுடைய வழக்கை அனுப்பியது; 1998இல் அவன்மீதான தீர்ப்பு ரத்தானது. எவன்ஸின் சகோதரிகளும் அதையே கேட்டார்கள். 2003இல் அரசு நியமித்த மதிப்பீட்டாளர், எவன்ஸ் மனைவியைக் கொன்றதற்கும் சான்றில்லை எனக் கண்டு, குடும்பத்துக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னார். ஆணைக்குழுவோ வழக்கை மேன்முறையீட்டுக்கு அனுப்ப மறுத்தது. சகோதரி ஒருவர் அம்மறுப்பை எதிர்த்து மேல் நீதிமன்றுக்குச் சென்றார். 2004 நவம்பரில் நீதியரசர் இருவர் தீர்ப்புக் கூறினர். எவன்ஸ் மனைவியையும் கொல்லவில்லை, குழந்தையையும் கொல்லவில்லை என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் மன்னிப்புக் கிடைத்துவிட்டது, குற்றமற்றவன் என்பது தெரிந்துவிட்டது. இனித் தீர்ப்பை முறைப்படி ரத்துச் செய்வதற்காகும் செலவையும் உழைப்பையும் நியாயப்படுத்த முடியாது என்று மனுவைத் தள்ளினார்கள்.

அந்தத் தெருவின் பெயரை 1954இலேயே மாற்றிவிட்டார்கள். எழுபதுகளில் வீடுகளையும் இடித்துவிட்டார்கள். 1950 பெப்ரவரி 20ஆந் திகதிய தீர்ப்பு அவ்வாண்டுச் சட்ட அறிக்கைத் தொகுதியிலே, ஒரு கொலையின் விசாரணையில் இன்னொரு கொலையின் சான்றை ஏற்கலாமா என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. சட்ட மாணவர்கள் அதை அந்த நுணுக்கத்துக்காகப் படிக்கிறார்கள்.